ஃப்ளோ எடுத்த லாட்வியாக்காரர் நெஜமாவே தனியாளா? இந்த ரூட்ல போய் பொழைக்க முடியுமா?

வெத்துப்பேப்பர்:

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளோ படத்த ரொம்ப லேட்டா இப்ப தான் பாத்தேன். பூனை ஒண்ணு வெள்ளத்துல மாட்டி ஒரு படகுல ஏறி, கேபிபாரா, லெமூர், நாய், அப்புறம் அந்த நெட்டைக்கால் செக்ரட்டரி பறவை எல்லாத்தோடயும் போகும்ல, அந்தப் படம். ஒரு வார்த்தை வசனம் கெடையாது. முடிஞ்சப்புறம் ரொம்ப நேரம் வேற எதுவும் பாக்கத் தோணல.

என் டவுட் என்னன்னா, ரீல்ஸ்ல யூட்யூப்ல எல்லாம் "ஒரே ஆளு, காலேஜ் போகல, ஃப்ரீ சாஃப்ட்வேர், ஆஸ்கர்" அப்டின்னு போட்டு தள்ளுறாங்க. நான் பகல்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், ராத்திரி அந்த ஃப்ரீ 3டி சாஃப்ட்வேர் ப்ளெண்டர நோண்டுறேன், மாடலிங் ஓரளவு வருது அனிமேஷன் சுமாரா வருது. படத்தோட டைரக்டர் இந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் எப்படி கத்துக்கிட்டாரு, சாப்பாட்டுக்கு என்ன பண்ணாரு, உண்மையிலேயே தனியாவா செஞ்சாரு, தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. மோட்டிவேஷன் பேச்சு வேணாம், வீட்ல ஏற்கனவே தேவையான அளவுக்கு எதிர்ப்பேச்சு கேட்டாச்சு, அதனால நெஜம் மட்டும் போதும்.

—

ராத்திரி_ரெண்டர்:

தம்பி, ரீல்ஸ்காரங்க ரெண்டு படத்த ஒண்ணாக்கி குழப்பிட்டாங்க. தனியா செஞ்ச படம் வேற, ஆஸ்கர் வாங்குன படம் வேற.

தனியா செஞ்சது அவே, 2019ல வந்தது. 75 நிமிஷப் படம். எழுத்து, டைரக்‌ஷன், மாடலிங், அனிமேஷன், லைட்டிங், எடிட்டிங், சவுண்டு, மியூசிக்கு வரைக்கும் அவரு ஒருத்தரே. மூணரை வருஷம் ஆச்சு. 1994ல ரீகாவுல பொறந்தவரு, அப்ப கணக்குப் போட்டா அவே ஆரம்பிக்கிறப்ப இருபத்தி ஒண்ணு ரெண்டு வயசு தான் இருக்கும். அந்த வருஷம் ஃப்ரான்ஸ்ல ஆன்ஸி அனிமேஷன் விழாவுல கான்ட்ரஷாம்னு புதுசா ஒரு போட்டிப் பிரிவு ஆரம்பிச்சாங்க, அதுல பெஸ்ட் ஃபிலிம் இவருக்கு.

ஃப்ளோ தனியாளு வேலை கெடையாது. அது லாட்வியா, ஃப்ரான்ஸ், பெல்ஜியம் மூணு நாடு சேந்து செஞ்ச கோ ப்ரொடக்‌ஷன். மட்டீஸ் காஷான்னு ஒருத்தர் கூட சேந்து எழுதி தயாரிச்சாரு, ஃப்ரான்ஸ்ல சாக்ரப்ளூ, பெல்ஜியத்துல டேக் ஃபைவ்னு கம்பெனிங்க இருந்துச்சு. அனிமேட்டர்ஸ் இருந்தாங்க, தண்ணிக்குன்னே தனியா ஆளுங்க இருந்தாங்க, சவுண்டு டிசைனர் இருந்தாரு, மியூசிக்ல ரிஹார்ட்ஸ் ஸல்யூபே கூட சேந்தாரு. அஞ்சரை வருஷ வேலை. பட்ஜெட் சுமார் 35 லட்சம் யூரோ, நம்ம காசுல முப்பது கோடி தாண்டும்.

ஆனா ஒண்ணு, இவ்ளோ பேரு இருந்தும் ஃப்ளோவோட கடைசி ரெண்டர், அதாவது 3டி சீன ஃப்ரேம் ஃப்ரேமா படமா மாத்துற வேலை, அவரோட சொந்த கம்ப்யூட்டர்ல தான் போச்சு, ரெண்டர் ஃபார்ம்னு கம்ப்யூட்டர் கூட்டம் எதுவும் இல்ல. ப்ளெண்டர்ல ஈவின்னு கேம் எஞ்சின் மாதிரி ஓடுற ரெண்டரர் இருக்குல்ல அதுல தான் முழுப் படமும். ஃப்ரேமுக்கு அரை செகண்ட்ல இருந்து பத்து செகண்ட் வரைக்கும் தான் எடுத்துச்சாம், 4கே ல. நான் வேலை பாக்குற எடத்துல ஒரு ஃப்ரேமுக்கு மணிக்கணக்குல காத்துக் கெடந்து காபி குடிச்சே வயித்தக் கெடுத்துக்குறோம், இத படிச்சப்ப கடுப்பா தான் இருந்துச்சு. ரெண்டர் ஆன படத்த அப்புறமா ஒட்டித் திருத்துற கம்பாசிட்டிங்கும் பண்ணல, கலர் எல்லாம் ஷேடர்லயே (பொருளோட மேல்பரப்பு எப்படித் தெரியணும்னு சொல்ற செட்டிங்) முடிச்சுட்டாரு.

அவே மாயாங்கிற காசு குடுத்து வாங்குற 3டி சாஃப்ட்வேர்ல செஞ்சது. 2019ல ப்ளெண்டர் 2.8 வந்து அதுல ஈவி வந்ததும் மாறிட்டாரு. ஃப்ரீங்கிறதுக்காக மட்டும் மாறல, என்ன பாக்குறோமோ அதுவே ரெண்டரா வருது, காத்திருக்க வேணாம், அதுக்காகத் தான்.

—

சில்லறைக்கணக்கு:

சாப்பாட்டுக்கு என்ன பண்ணாருன்னு கேட்டீங்கள்ல, அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன்.

லாட்வியா ஜனத்தொகை இருபது லட்சம் கூட கெடையாது, நம்ம கோயம்புத்தூர் மாவட்டத்துலயே அத விட ஜாஸ்தி பேரு இருக்காங்க. அவ்ளோ சின்ன நாட்டு மொழிப்படம் டிக்கெட் காச மட்டும் வெச்சு ஓடாது, அதனால அங்க அரசாங்கமே தேசிய சினிமா மையம்னு வெச்சு படத்துக்கு பணம் குடுக்குது. ஃப்ரான்ஸ் பெல்ஜியம்ல அத விட பெரிய சிஸ்டம். ஃப்ளோவோட 35 லட்சம் யூரோல பெரும்பங்கு இந்த மாதிரி பொதுப்பணம், டிவி சேனல் பணம் தான். அங்க ஒரு பையன் ஷார்ட் ஃபிலிம் நல்லா பண்ணா அடுத்ததுக்கு விண்ணப்பம் போட ஒரு ஜன்னலாவது இருக்கு. நம்ம ஊர்ல அந்த ஜன்னல் எங்க இருக்குன்னே முக்காவாசிப் பேருக்குத் தெரியாது.

அதனால "ஃப்ரீ சாஃப்ட்வேர் வெச்சு ஆஸ்கர்"ங்கிறது அரை உண்மை தான். சாஃப்ட்வேர் தான் ஃப்ரீ, சம்பளம் ஃப்ரீ இல்ல. வேலைய விட்றாதீங்க.

இதச் சொன்னேன்னு அவரு சாதனைய கொறைக்கிறேன்னு நெனைக்காதீங்க. அந்த வருஷம் அனிமேஷன் ஆஸ்கர்ல எதிர்ல நின்னது இன்சைட் அவுட் 2, அதோட பட்ஜெட் சுமார் 20 கோடி டாலர். இன்னொண்ணு வைல்ட் ரோபாட், அது எட்டு கோடி டாலருக்குப் பக்கத்துல. இவங்க நாலு கோடி டாலர் கூட இல்ல, நாப்பது லட்சம் டாலர் அளவு. படம் உலகம் பூரா மூணு கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணிருச்சு. போட்ட காசுக்கு அது எந்த ஸ்டூடியோக்காரனும் பொறாமப்படுற கணக்கு.

—

வெத்துப்பேப்பர்:

ரெண்டு பேருக்கும் நன்றிண்ணே. வேலைய விடல, பயப்படாதீங்க 😅. ஆனா அவே பத்தி தான் எனக்கு ஜாஸ்தி தெரியணும். ஒரு ஆளு 75 நிமிஷம் எப்படி? நான் இருபது செகண்டு ஷாட் ஒண்ண முடிக்கவே நாக்கு தள்ளிருச்சு. அவருக்கு மட்டும் என்ன ரெண்டு மூளையா?

—

ராத்திரி_ரெண்டர்:

மூளை ஒண்ணு தான், ஆனா எத செய்யக்கூடாதுன்னு முதல்லயே முடிவு பண்ணிட்டு உக்காந்த ஆளு. அவேய பாரு, ஒரு அனிமேட்டர் கண்ணோட பாரு.

ஒரு பையன் பாராசூட்டோட மரத்துல தொங்கிட்டு கண்ண முழிக்கிறான். எதிர்ல கறுப்பா ஒரு ராட்சச உருவம் மெதுவா நடந்து வருது. பையன் ஓடி ஒரு வளைவுக்குள்ள பூந்துடுறான், அந்த உருவம் அதுக்குள்ள வராது. உள்ள ஒரு மோட்டார் பைக்கு, ஒரு மேப்பு, ஒரு மஞ்சக் குருவி. அவ்ளோ தான். அந்தத் தீவோட மறுபக்கம் போகணும், ராட்சசன் பின்னாடியே வருவான்.

இப்ப கணக்குப் போடு. மனுஷக் கேரக்டர் ஒண்ணே ஒண்ணு. வசனம் இல்ல, அதனால வசனத்துக்கு வாயசைக்கிற லிப் சிங்க் வேலை இல்ல, டப்பிங் இல்ல, மொழிபெயர்ப்புச் செலவு கூட இல்ல. பையன் பாதிப் படம் பைக்குல உக்காந்திருக்கான், நடக்க வெக்கிற வேலை மிச்சம், இந்த நடை வெக்கிறது எவ்ளோ பெரிய தலவலின்னு உனக்கே தெரியும். வில்லனுக்கு முகபாவம் கெடையாது, வேகமும் கெடையாது, ஆனா பயம் இருக்கு, ஏன்னா அவன் நிக்கவே மாட்டான். ஊரு இல்ல, கூட்டம் இல்ல, வீட்டுக்குள்ள சாமான் செட்டு இல்ல, பாலைவனம், ஏரி, பனி, பாலம்னு பெரிய பெரிய வெட்டவெளி. டெக்ஸ்சரும் கொழகொழன்னு டீட்டெயிலா இல்லாம தட்டையா கலர் பூசுன மாதிரி விட்டுட்டாரு.

இதெல்லாம் கஞ்சத்தனம் தான், ஆனா படம் பாக்குறப்ப கஞ்சத்தனமா தெரியாது, தனிமைன்னு தெரியும். தனியா ஒருத்தன் ஊரே இல்லாத எடத்துல மாட்டிக்கிட்ட கதைய, தனியா ஒருத்தன் ரூமுக்குள்ள உக்காந்து எடுத்திருக்கான். கதையும் கைவசம் இருக்குற ஆளு பலமும் ஒண்ணுக்கொண்ணு பொருந்திப் போச்சு. நம்ம பசங்க முதல் படத்துலயே சோழர் காலத்துப் போர்க்களம் எடுக்கணும்னு ஆரம்பிப்பாங்க, யானைய அசைக்கிறதுக்கு எலும்புக்கூடு மாதிரி வெக்கிற ரிக் முடிக்கிறதுக்குள்ள கல்யாணம் ஆயிடும்.

அப்புறம் 75 நிமிஷத்தையும் ஒரே மூச்சுல எடுக்கல. நாலு அத்தியாயமா பிரிச்சு ஒண்ணு முடிச்சு அடுத்தது. ஒவ்வொண்ணும் ஒரு பெரிய ஷார்ட் ஃபிலிம் சைஸ்.

—

இருபத்திநாலு_ஃப்ரேம்:

அத்தியாயம் பத்தி சொன்னது ரொம்ப சரி அண்ணா, நான் அதுல இன்னும் கொஞ்சம் சேக்குறேன். இந்தத் தனியாவர்த்தனம் பண்றவங்க நெறைய பேரு இதே வித்தைய தான் வேற வேற மாதிரி பண்ணிருக்காங்க.

பில் ப்ளிம்ப்டன், அமெரிக்காக்காரர், பத்திரிகைக்கு கார்ட்டூன் போட்டுட்டு இருந்தவரு. 1992ல த ட்யூன்னு ஒரு முழுநீளப் படம், படங்கள் எல்லாம் அவரே கையால வரைஞ்சது. காசு இல்லாம படத்தோட துண்டுங்கள ஷார்ட் ஃபிலிமா வெளிய விட்டு, அதுல வர்ற காசு, விளம்பரப் படம் பண்ண காசு எல்லாத்தையும் போட்டு மீதிய முடிச்சாரு. டிஸ்னி கூப்ட்டும் போகல. ஷார்ட் ஃபிலிம் எடுத்து பொழைக்கணும்னா அஞ்சு நிமிஷத்துக்குள்ள இருக்கணும், செலவு கம்மியா இருக்கணும், சிரிப்பு வரணும்னு சொல்லிட்டே திரிவாரு மனுஷன்.

டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட்னு இன்னொருத்தர், குச்சி மனுஷங்கள வெச்சே அழ வெச்சுடுவாரு. அவரு 2006, 2008, 2011னு மூணு ஷார்ட் ஃபிலிமா எடுத்தத 2012ல சேத்து ஒரே படமா ஆக்கினாரு. பழைய 35எம்எம் அனிமேஷன் கேமரா ஸ்டாண்டுல ஒத்தையா நின்னு ஷூட் பண்ணது. விளம்பரப் படம் பண்ண மாட்டேன்னு வீம்பா இருக்குற ஆளு.

ஜப்பான்ல மகோடோ ஷிங்காய், இப்ப எல்லாருக்கும் தெரியும். அவரு படிச்சது ஜப்பானிய இலக்கியம். ஃபால்காம்ங்கிற கேம் கம்பெனில வேலை பாத்துட்டே அனிமேஷன் தானா கத்துக்கிட்டாரு, கேமுக்கு ஓப்பனிங் வீடியோ பண்ணிக் குடுத்துட்டு இருந்தாரு. வேலையில இருக்கும்போதே 1999ல ஒரு குட்டிப் பூனைப் படம் பண்ணாரு, அப்புறம் வேலைய விட்டுட்டு வீட்டுல ஒரு பவர் மேக் ஜி4 வெச்சுக்கிட்டு 25 நிமிஷப் படம், 2002ல டோக்கியோல டோலிவுட்னு ஒரு சின்ன தியேட்டர்ல போட்டாங்க (ஆமா தியேட்டர் பேரே அது தான், ஹைதராபாத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல). முதல்ல குரல் குடுத்தது அவரும் அவரு கூட இருந்தவங்களும் தான். மியூசிக் போட்ட டென்மோன் பழைய ஆபீஸ் நண்பர்.

ஷிங்காய் கதைல எனக்குப் பிடிச்சது, அவரு கத்துக்கிட்டதுக்கு சம்பளமும் வாங்கிருக்காரு. வெத்துப்பேப்பர் ப்ரோ, ஆடிட்டர் ஆபீஸ விட ஏதாவது ஒரு கேம் கம்பெனியோ விளம்பர ஸ்டூடியோவோ கெடச்சா அது நல்லது, ராத்திரி கத்துக்கிறத பகல்லயும் கத்துக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கு, மியூசிக் விஷயம். நீனா பேலின்னு ஒரு அமெரிக்கக் காமிக்ஸ் ஆர்ட்டிஸ்ட். வீட்டுக்காரருக்கு திருவனந்தபுரத்துல வேலை கெடச்சு அங்க வந்தாங்க, அங்க தான் ராமாயணம் படிக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் கல்யாணம் முறிஞ்சு போச்சு. அந்த வலியையும் சீதையையும் சேத்து வெச்சு ஃப்ளாஷ் சாஃப்ட்வேர்ல 82 நிமிஷப் படம், கிட்டத்தட்ட முழுசும் தனியா, 2008ல வந்துச்சு. படத்துல 1920கள்ல ஆனட் ஹான்ஷா பாடுன பாட்டுங்க. பழைய பாட்டு தானேன்னு நாமளா இருந்தா விட்டுருப்போம், ஆனா பாட்டு எழுதி மெட்டு போட்டவங்க உரிமை இன்னும் கம்பெனிங்க கைல இருந்துச்சு. முதல்ல ரெண்டு லட்சத்து இருபதாயிரம் டாலர் கேட்டாங்க, பேசிப் பேசி அம்பதாயிரத்துக்கு வந்துச்சு, அதுக்கும் கடன் வாங்குனாங்க. அப்புறம் வெறுத்துப் போய் படத்தையே கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கிற பொது உரிமத்துல இலவசமா விட்டுட்டாங்க, டொனேஷன், டிவிடி, டிஷர்ட்னு அதுல காசு வந்துச்சு. நம்ம ஊர்ல சில பேரு படத்துக்கு எதிர்ப்பும் தெரிவிச்சாங்க, அது தனிக் கதை, இங்க ஆரம்பிச்சா த்ரெட் பூட்டிடுவாங்க.

கின்ட்ஸ் மியூசிக்க தானே போட்டுக்கிட்டதுல இந்தப் பிரச்சனையே வரல. இளையராஜா பாட்டு வெச்சு ஷார்ட் ஃபிலிம் எடுக்குறவங்க இத ரெண்டு தடவ படிங்க.

—

மொட்டமாடி_மன்னன்:

எல்லாரும் புகழுறீங்க, நான் ஒரு மாத்துக் கருத்து சொல்லிட்டுப் போறேன். அவே எனக்கு போர். முதல் இருபது நிமிஷம் அழகு, அப்புறம் பைக்கு ஓடுது, ஓடுது, ஓடிட்டே இருக்கு. பையன் முகத்துல ஒரு உணர்ச்சியும் இல்ல, அவன் யாரு எதுக்குப் போறான்னு எனக்கு அக்கறையே வரல. கேமரா ட்ரோன் வாங்குன கல்யாண வீடியோகிராபர் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு. "தனியா எடுத்தாரு"ன்னு தெரியாம பாத்தா இத்தன பேரு பாராட்டுவீங்களா? ஃப்ளோ பாத்தப்ப தான் இந்தாளு டைரக்டர்னே ஒத்துக்கிட்டேன். அதுக்குக் காரணம் டீம். அந்தப் பூனை காத மடக்குறது, நாய் வந்து மோந்து பாத்துட்டு வால ஆட்டுறது, அதெல்லாம் நல்ல அனிமேட்டர்ங்க கைல இருந்து வந்தது. தனியா இருந்திருந்தா அது வந்திருக்காது.

—

இருபத்திநாலு_ஃப்ரேம்:

@மொட்டமாடி_மன்னன் கல்யாண ட்ரோன் 😂 அநியாயம். ஆனா பாதி ஒத்துக்குறேன், பையன் முகம் பொம்ம மாதிரி தான் இருக்கு.

ஆனா ஃப்ளோவுல டீமால வந்தது மட்டும் பேசுனா பத்தாது. அந்தக் கதையே பத்து வருஷத்துக்கும் மேல பழசு. 2012ல ஸ்கூல் படிக்கிறப்ப ஆக்வான்னு ஒரு ஷார்ட் ஃபிலிம் கையால வரைஞ்சு பண்ணாரு, தண்ணிக்குப் பயந்த ஒரு பூனை அந்தப் பயத்த தாண்டுறது. ஃப்ளோவோட விதை அது தான். நடுவுல 2014ல ப்ரையாரிட்டீஸ், ஃபாலோவர்ஸ், 2015ல இன்னாடிபிள், 2017ல ஒயாசிஸ்னு வரிசையா ஷார்ட் ஃபிலிம். கையால வரையறது, 3டி, நெஜ ஆளுங்கள வெச்சு எடுக்குறது எல்லாத்தையும் மாத்தி மாத்தி முயற்சி பண்ணிருக்காரு. காலேஜுக்குப் போகாதவருக்கு இது தான் காலேஜ்.

ஆக்வால பூனையோட எதிரி தண்ணி. ஃப்ளோவுல அதோட கூட மத்த மிருகங்க கூட சேந்து இருக்கணும்ங்கிற பயமும் சேந்துடுச்சு. அதுவரைக்கும் தனியா வேலை பாத்த ஒரு ஆளு முதல் தடவ டீமோட வேலை பாக்கப் போறப்ப, தனியா இருந்த பூனை கூட்டத்தோட ஒரே படகுல போற கதைய எடுக்குறாரு. அவரே இத பல பேட்டில ஒத்துக்கிட்டுருக்காரு, அந்தப் பூனையோட நெலம தான் என் நெலமயும்னு. அவேயையும் ஃப்ளோவையும் அடுத்தடுத்து பாருங்க, ஒரே ஆளோட டைரி மாதிரி இருக்கும்.

—

ராத்திரி_ரெண்டர்:

மாடி மன்னரே, கேமரா சுத்துறதுக்கும் காரணம் இருக்கு. இவரு ஸ்டோரிபோர்டு வரையறதே இல்ல. நேரா 3டில எடத்தக் கட்டிடுவாரு, பொம்மைய நிக்க வெப்பாரு, அப்புறம் கேமராவ எடுத்துக்கிட்டு அந்த எடத்துக்குள்ள லொக்கேஷன் பாக்கப் போன டைரக்டர் மாதிரி தேடித் தேடி ஆங்கிள் புடிப்பாரு. கட் கம்மி, நீள நீளமான ஷாட்டு. ஃப்ளோவுல சில ஷாட்டு நிமிஷக் கணக்குல போகும்.

நீளமா எடுத்தா வேலை ஜாஸ்தின்னு தானே தோணும்? தனியாளுக்கு ஒரு விதத்துல லாபம். கட் பண்ணா ஒவ்வொரு ஷாட்டுக்கும் மறுபடி ஃப்ரேம் வெக்கணும் லைட் வெக்கணும் பின்னாடி என்ன தெரியுதுன்னு பாக்கணும், நீள ஷாட்டுல ஒரு தடவ செட் பண்ணா போயிட்டே இருக்கலாம். டீமா வேலை பாக்குறப்ப தான் அது சிக்கல், நாலு நிமிஷ ஷாட்ட நாலு பேருக்கு எப்படிப் பிரிச்சுக் குடுப்ப.

அனிமேட்டிக்லயே (முழு வேலைக்கு முன்னாடி செய்யற கரடுமுரடான மாதிரிப் படம்) படத்த முடிச்சுடுறதால வெட்டி எறிஞ்ச சீனும் இல்ல. எங்க ஸ்டூடியோவுல ஃபைனல் ஆன ஷாட்ட க்ளையண்ட் ஒரு மெயில்ல தூக்கிடுவான், மூணு பேரோட ஒரு மாச வேலை அதோட காலி.

மிருகங்களுக்கு நெஜ அசைவ பதிவு பண்ற மோஷன் கேப்சர் போடல, எல்லாம் அனிமேட்டர் கையால ஒவ்வொரு போஸா வெக்கிற கீ ஃப்ரேம் தான். நெஜப் பூனை நாய் வீடியோவ பாத்துப் பாத்து செஞ்சது. சத்தமும் நெஜ மிருகங்களோடது. ஒரு ஏமாத்து வேலையும் உண்டு, கேபிபாராவுக்கு ஒட்டகக் குட்டி சத்தம், ஏன்னா நெஜக் கேபிபாரா கீச்சுன்னு கத்தும், அந்த சாந்தமான மூஞ்சிக்கு செட் ஆகல.

—

சில்லறைக்கணக்கு:

லாட்வியால இப்ப அவரு நெலம என்னன்னு ஒரு தகவல். 2025 ஜனவரில கோல்டன் க்ளோப் வாங்குனதும் அந்தச் சிலைய ரீகால தேசிய ஓவிய அருங்காட்சியகத்துல வெச்சாங்க, ஜனங்க வரிசைல நின்னு பாத்துட்டுப் போனாங்க. ஊருக்கு நடுவுல அந்தப் பூனைக்கு சிலை வெச்சாங்க. அந்த நாட்டு தியேட்டர் வரலாறுலயே ஜாஸ்தி பேரு பாத்த படம் அது தான். மார்ச் 2ஆம் தேதி ஆஸ்கர், அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கர் அது. மேடைல அப்பா அம்மாவுக்கு நன்றி சொன்ன கையோட பூனை நாய்ங்களுக்கும் நன்றி சொன்னாரு.

லாட்வியால இதுக்கு முன்னாடியும் ஆளு இருந்தாங்க, சும்மா வானத்துல இருந்து குதிக்கல. சிக்னே பவுமனேன்னு ஒருத்தங்க, மாஸ்கோவுல தத்துவம் படிச்சவங்க, நியூயார்க் போய், மேல இருபத்திநாலு_ஃப்ரேம் சொன்ன ப்ளிம்ப்டன் கிட்ட வேலை பாத்தாங்க. 2014ல அவங்க குடும்பத்துப் பொம்பளைங்களோட மன அழுத்தம் பத்தி ஒரு முழுநீள அனிமேஷன் எடுத்தாங்க, பொதுமக்கள் கிட்ட இணையத்துல காசு திரட்டி. அத லாட்வியா ஆஸ்கருக்கே அனுப்புச்சு.

அப்புறம் ப்ளெண்டரும் சும்மா ஃப்ரீயா வரல. 2002ல அத வெச்சிருந்த கம்பெனி மூடுனப்ப, அத உருவாக்குன டோன் ரோசண்டால் ஜனங்க கிட்ட ஒரு லட்சம் யூரோ வசூல் பண்ணி அந்த சாஃப்ட்வேரோட சோர்ஸ் கோட வாங்கி எல்லாருக்கும் தெறந்து விட்டாரு. ஏழு வாரத்துல சேந்துருச்சு. பொதுப்பணம்னு நான் சொன்னதுல இதையும் சேத்துக்குங்க.

—

வெத்துப்பேப்பர்:

செம்ம. யாரையும் தனித்தனியா டேக் பண்ணல, எல்லாருக்கும் நன்றி. நான் எழுதி வெச்சிருந்த கதைல ஒரு முழு ரயில்வே ஸ்டேஷன் கூட்டம் இருக்கு, கூட வசனம், ஒரு மழை வேற. இப்ப அத திருப்பி படிச்சா சிரிப்பா இருக்கு. ஸ்டேஷன ராத்திரி கடைசி வண்டி போனப்புறம்னு மாத்திட்டா கூட்டம் போயிடும். ஒரு போர்ட்டர், ஒரு நாய். வசனத்தையும் தூக்கிடலாம்னு பாக்குறேன்.

மழைய மட்டும் விட மனசில்ல. ஃப்ளோ தண்ணிய எப்படி பண்ணாங்க, என் பழைய லேப்டாப்ல நடக்குமா?

—

ராத்திரி_ரெண்டர்:

ஃப்ளோவுல தண்ணிக்கு ஒரே வழி கெடையாது. கடலுக்கு ஒண்ணு, மேல தெறிக்கிறதுக்கு ஒண்ணு, குட்டைல கால் வெக்கிறதுக்கு ஒண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி டூல் எழுதி வெச்சாங்க. உன் லேப்டாப்ல தண்ணி ஓட்டத்த கணக்குப் போட்டு காட்டுற ஃப்ளூயிட் சிமுலேஷன் ஓட்டுனா அடுப்புக்குப் பதிலா அதுலயே தோச சுடலாம், வேணாம்.

மழைய நீ காட்டவே வேணாம். ப்ளாட்ஃபார்ம் தரைய பளபளன்னு ஈரமா ஷேடர்ல வெச்சுடு, லைட் கம்பத்துக்குக் கீழ மட்டும் கொஞ்சம் கோடு கோடா பார்ட்டிகிள் (குட்டிக் குட்டித் துகள்) விடு, மீதிய சத்தத்துல குடு. தகரக் கூரைல விழுற மழைய உன் ஃபோன்லயே ரெக்கார்டு பண்ணிக்கோ, உரிமைப் பிரச்சனையும் இல்ல. நாய முதல்ல தனியா பத்து செகண்டு நடக்க வெச்சு இங்க போடு, போர்ட்டர அப்புறம் பாத்துக்கலாம்.

—

மொட்டமாடி_மன்னன்:

கேமராவ மட்டும் சுத்த விட்றாத தம்பி.